சிறுமமும் பெருமமும்

நுழையும்முன்

கூடையிலுள்ள பழங்களுள் பெரியதை எடுக்கச் சொன்னால் குழந்தையும் எடுத்துவிடும். எப்படி எடுத்தாய் என்று கேட்டால் அதற்கு விடை சொல்லத் தெரியாது. கணிப்பொறிக்கு நிரல் எழுதுபவரோ அந்த ‘எப்படி’க்கு விடை சொல்லியாக வேண்டும். எங்கே தொடங்குவது, எதனை எதனோடு ஒப்பிடுவது, எப்போது நிறுத்துவது என்பவற்றையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். அம்முடிவுகளுள் ஒன்று பிழைத்தாலும் பொறி தயங்குவதில்லை; பிழையான விடையையும் சரியான விடையைப் போலவே தருகிறது. மதிப்புகளின் தொகுப்பில் மிகச் சிறியதைச் ‘சிறுமம்’ என்றும் மிகப் பெரியதைப் ‘பெருமம்’ என்றும் கணித நூல்கள் வழங்கும். அவ்விரண்டையும் கண்டறியும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

கிரிவலப் பாதையில் எட்டுத் தொட்டிகள்

திருவண்ணாமலையில் 2668 அடி உயரமுள்ள மலையைச் சுற்றி 14 கி.மீ. நீளமுடைய கிரிவலப் பாதை செல்கிறது. பௌர்ணமி இரவுகளில் பல்லாயிரக்கணக்கானோர் அப்பாதையில் வலம் வருகின்றனர். கார்த்திகைத் தீபத் திருநாளில் அவ்வெண்ணிக்கை இலட்சங்களைத் தொடும். எட்டுத் திசைகளுக்கும் உரியனவாக இந்திரலிங்கம், அக்னிலிங்கம், எமலிங்கம், நிருதிலிங்கம், வருணலிங்கம், வாயுலிங்கம், குபேரலிங்கம், ஈசான்யலிங்கம் என்னும் எட்டு லிங்கங்கள் வழியில் அமைந்துள்ளன.

ஒவ்வொரு லிங்கத்தின் அருகிலும் நடப்போர்க்கெனக் குடிநீர்த் தொட்டி ஒன்று வைக்கப்பட்டிருப்பதாகவும், அதன் கொள்ளளவு 1000 லிட்டர் எனவும் கற்பனையாகக் கொள்க. நள்ளிரவில் தொட்டிகளில் எஞ்சியுள்ள நீர், மேற்கூறிய வரிசையில் 640, 410, 530, 290, 700, 350, 180, 290 லிட்டர் ஆகும். தண்ணீர் லாரி ஒன்றுதான் உண்டு. அது முதலில் எங்கே செல்ல வேண்டும்?

எட்டு எண்களைக் கண்ணால் பார்த்தவுடன் விடை தெரிந்துவிடுகிறது. கணிப்பொறிக்கு அத்தகைய பார்வை இல்லை. நினைவகத்தில் அடுத்தடுத்த அறைகளில் இவ்வெண்களை வைத்திருக்கும் அமைப்பு ‘அணி’ எனப்படும். அணியில் ஒரு நேரத்தில் ஓர் அறையைத் திறந்து பார்க்கவும், இரண்டு எண்களை ஒப்பிடவும் மட்டுமே பொறியால் இயலும். கிரிவலம் வருபவர் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே நடப்பதைப் போன்றது அது.

நடப்பவர் இந்திரலிங்கத்தில் தொடங்குகிறார். 640 என்னும் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். அக்னிலிங்கத்தில் 410 இருக்கிறது, குறித்ததைவிடச் சிறியது, ஆதலால் பழையதை அடித்துவிட்டு 410 என எழுதுகிறார். எமலிங்கத்தின் 530 அதைவிடப் பெரியது, மாற்றமில்லை. நிருதிலிங்கத்தில் 290 என மாற்றுகிறார். வருணம், வாயு இரண்டையும் கடந்து குபேரலிங்கத்தில் 180 என மாற்றுகிறார். ஈசான்யத்தின் 290 அதை அசைக்கவில்லை. ஒரு வலம் முடிந்தது, விடையும் கிடைத்தது. ஏழு ஒப்பீடுகள், மூன்று மாற்றங்கள்.

இந்நெறிமுறை ஏன் தவறாது என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. பாதையில் எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாலும், கையிலுள்ள எண் ‘இதுவரை கண்டவற்றுள் சிறியது’ என்பது உண்மையாகவே இருக்கும். சுழற்சி எத்தனை முறை நிகழ்ந்தாலும் மாறாத இவ்வுண்மையைக் கணிப்பொறி அறிவியலார் ‘மாற்றமிலி’ என்பர். எட்டாவது தொட்டியைக் கடந்தபின் ‘இதுவரை கண்டவை’ என்பதும் ‘அனைத்தும்’ என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. பெருமம் காண்பதற்கு ‘சிறியதா?’ என்னும் கேள்வியைப் ‘பெரியதா?’ என மாற்றினால் போதும்.

லாரி ஓட்டுநருக்கு 180 என்னும் எண்ணால் மட்டும் பயனில்லை. குபேரலிங்கம் என்னும் இடம் தெரிய வேண்டும். எனவே, மதிப்போடு அது கிடைத்த அறையின் எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுமாறு நிரல் எழுத வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் மறந்துவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

எந்த எண்ணில் தொடங்குவது?

மேற்கண்ட வழியில் முதல் தொட்டியின் அளவே தொடக்க மதிப்பாக அமைந்தது. அதற்கு மாறாகச் சுழியத்தில் தொடங்கினால் என்ன ஆகும்? எந்தத் தொட்டியிலும் சுழியத்தைவிடக் குறைவான நீர் இருக்க இயலாது. எனவே, குறித்த எண் கடைசிவரை மாறாது. சிறுமம் 0 எனப் பொறி கூறும். பட்டியலில் இல்லாத ஓர் எண் விடையாக வந்துவிடுகிறது. லாரி, இல்லாத தொட்டியைத் தேடிச் செல்ல வேண்டியதுதான்.

பெருமம் காணும்போது இப்பிழை மறைந்தே கிடக்கும். லிட்டர் கணக்கில் எல்லா எண்களும் சுழியத்திற்கு மேற்பட்டவை ஆதலால், சுழியத்தில் தொடங்கினாலும் சரியான பெருமம் கிடைக்கிறது. அதே நிரலை நீலகிரிப் பள்ளத்தாக்குகளின் உறைபனி இரவுகளில் பதிவாகும் வெப்பநிலைகளுக்குப் பயன்படுத்தினால், அவை யாவும் சுழியத்திற்குக் கீழே உள்ளபோது, ‘பெருமம் 0’ என்னும் பொய்யான விடை வெளிப்படும். பட்டியலின் முதல் உறுப்பையே தொடக்கமாகக் கொள்வது இத்தகைய பிழைகளைத் தவிர்க்கும். பட்டியலே வெறுமையாக இருந்தால் முதல் உறுப்பும் இல்லை. அப்போது விடையும் இல்லை என்பதே நேர்மையான விடை. பைத்தான் மொழி அத்தருணத்தில் பிழையென அறிவித்து நின்றுவிடுகிறது. சி++ மொழியின் நூலகச் செயற்கூறோ பட்டியலின் எல்லைக்கு அப்பாலுள்ள இடத்தைச் சுட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடும். அதைச் சோதிக்கும் கடமை நிரலருடையது.

இல்லாத அளவும் ஓர் எண்ணாகும்போது

உண்மையான தரவுகளில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. மழைமானி பழுதடைந்த நாளில் அளவு ஏதும் கிடைப்பதில்லை. அந்த இடத்தை வெறுமையாக விடாமல் ஏதேனும் ஒரு குறியீட்டு எண்ணை இடுவது வழக்கம். இந்திய வானிலை ஆய்வுத் துறை, நாட்டைக் கட்டங்களாகப் பகுத்து வெளியிடும் மழைத் தரவுகளில், அளவு இல்லாத இடங்களில் -999 என்னும் எண் இடப்பட்டிருக்கும். அதே துறையின் வெப்பநிலைத் தரவுகளில் 99.9 என்னும் எண் அப்பணியைச் செய்கிறது. இக்குறிப்பைப் படிக்காமல் நிரல் எழுதுபவர், மழையின் சிறுமம் -999 மில்லிமீட்டர் என்றும், வெப்பநிலையின் பெருமம் 99.9 பாகை செல்சியசு என்றும் காண்பார். இரண்டும் நகைப்புக்குரியவை, உடனே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழையே ஆபத்தானது. அளவு இல்லாத நாளுக்குச் சுழியம் இட்டுவிட்டால், கருவி பழுதான நாள் மழையே பெய்யாத நாளாகிவிடும். எவருக்கும் ஐயம் எழாது. கருவிகள் பழுதாவதோ பெரும்பாலும் பெருமழையின்போதுதான்.

2024ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாளும் அதை அடுத்த நாளும் ஃபெஞ்சல் புயலின் மழை வட மாவட்டங்களை வருத்தியது. கிருட்டினகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. திருவண்ணாமலை நகரில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் முழு நீர்மட்டம் 119 அடி; கொள்ளளவு 7321 மில்லியன் கனஅடி. அவ்வணையிலிருந்து திசம்பர் 2ஆம் நாள் விடியும் முன் நொடிக்கு ஏறத்தாழ 1,68,000 கனஅடி நீர் வெளியேற்றப்பட்டது. ஆற்றங்கரையில் குடியிருப்போர்க்கு அந்த ஆண்டின் சராசரி நீரோட்டத்தால் என்ன பயன்? கரை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், பாலத்தின் தூண்கள் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்பனவற்றைப் பெருமமே முடிவு செய்கிறது.

பெருமம் பட்டியலில் இருந்தால்தான் நெறிமுறையால் அதைக் காண இயலும். நாளொன்றுக்கு ஒருமுறை, காலை 8.30 மணிக்கு மட்டும் ஆற்றின் மட்டத்தை அளக்கும் பதிவேடு ஒன்றைக் கருதுக. நள்ளிரவுக்குப் பின் உயர்ந்து விடிவதற்குள் தணிந்த வெள்ளத்தின் உச்சம் அதில் இடம்பெறாது. நிரலில் எப்பிழையும் இல்லை. ஒப்பீடுகள் அனைத்தும் சரியானவை. கிடைத்த பெருமம் மட்டும் உண்மையான பெருமம் அன்று. எனவேதான் வெள்ளக் காலங்களில் மணிக்கு ஒருமுறையும் அதற்குக் குறைவான இடைவெளிகளிலும் மட்டம் குறிக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு இராசகோபுரம் கிருட்டினதேவராயரால் தொடங்கப்பெற்று, தஞ்சை நாயக்க மன்னர் செவ்வப்பர் காலத்தில் நிறைவெய்தியது. பதினொரு நிலைகளையும் 217 அடி உயரத்தையும் உடையது. நெடுங்காலம் தமிழகக் கோபுரங்களுள் இதுவே பெருமம். பல நூற்றாண்டுகளாக முற்றுப்பெறாமல் நின்ற திருவரங்கத்துத் தெற்கு இராசகோபுரம், 1987ஆம் ஆண்டு பதின்மூன்று நிலைகளுடன் 236 அடி உயரத்திற்குக் கட்டி முடிக்கப்பட்டபோது அவ்விடம் மாறியது. புதிய உறுப்பு ஒன்று பட்டியலில் சேரும்போது பழைய பெருமத்தோடு ஒரே ஓர் ஒப்பீடு செய்தால் போதும். மற்றைய கோபுரங்களை மீண்டும் அளக்க வேண்டியதில்லை.

எத்தனை ஒப்பீடுகள் வேண்டும்?

எட்டு உறுப்புகளில் சிறுமம் காண ஏழு ஒப்பீடுகள் ஆயின. ஆறு ஒப்பீடுகளில் முடிக்கும் வழியை எவரேனும் கண்டுபிடிக்க இயலுமா? இயலாது. சிறுமம் அல்லாத ஒவ்வோர் எண்ணும் ஒருமுறையேனும் வேறோர் எண்ணைவிடப் பெரியது என மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஓர் ஒப்பீட்டில் ஓர் எண்தான் விலக்கப்படுகிறது. விலக்கப்பட வேண்டியவை ஏழு. ஆகவே ஏழு ஒப்பீடுகள் கட்டாயம். உலகின் மிக விரைவான கணிப்பொறிக்கும் இவ்வரம்பிலிருந்து விலக்கு இல்லை.

சிறுமம், பெருமம் இரண்டும் வேண்டுமெனில் ஏழும் ஏழுமாகப் பதினான்கு ஒப்பீடுகள் தேவை எனத் தோன்றும். இங்கே ஒரு சிக்கன வழி உண்டு. எண்களை முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒப்பிட வேண்டும்: 640-410, 530-290, 700-350, 180-290. நான்கு ஒப்பீடுகளில் பெரியவை 640, 530, 700, 290 என ஒருபுறமும், சிறியவை 410, 290, 350, 180 என மறுபுறமும் பிரிந்துவிடும். பெருமம் முதற்குழுவில்தான் இருக்க முடியும். மூன்று ஒப்பீடுகளில் 700 கிடைக்கும். சிறுமம் இரண்டாம் குழுவில்தான் இருக்க முடியும்; மேலும் மூன்று ஒப்பீடுகளில் 180 கிடைக்கும். மொத்தம் பத்து. இதற்கும் குறைவான ஒப்பீடுகளில் எல்லா நேர்வுகளுக்கும் விடை காண இயலாது என்பதை 1972ஆம் ஆண்டு ஐரா போல் என்னும் கணிப்பொறி அறிஞர் நிறுவினார்.

இரண்டாவது பெரியதைக் காண்பது இன்னும் சுவையானது. தோற்றவர் வெளியேறும் முறையில் நடைபெறும் கபடிப் போட்டியில், இறுதிச் சுற்றில் தோற்ற அணிக்கே இரண்டாம் பரிசு வழங்குவது வழக்கம். அவ்வணிதான் இரண்டாவது வலிய அணி என்பதற்கு உறுதி இல்லை. முதல் சுற்றிலேயே முதன்மை அணியைச் சந்தித்துத் தோற்ற ஓர் அணி, மற்ற எல்லா அணிகளையும்விட வலியதாக இருக்கலாம். டென்னிசுப் போட்டிகளில் நிகழும் இந்த அநீதியைச் சுட்டிக்காட்டி 1883ஆம் ஆண்டு ஒரு சிறுநூல் வெளியிட்டவர், குழந்தைகளுக்கான கதைகளால் புகழ்பெற்ற லூயிசு கரோல். அவர் தொழிலால் கணித ஆசிரியர். மேற்கண்ட எட்டு எண்களைப் போட்டி முறையில் மோதவிட்டால், 700 வெற்றிபெறும் வழியில் 350, 290, 640 ஆகிய மூன்றைத் தோற்கடிக்கிறது. இரண்டாவது பெரிய எண் அம்மூன்றுள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஏனெனில், பெருமத்தைத் தவிர வேறெதுவும் அதைத் தோற்கடித்திருக்க முடியாது. மேலும் இரண்டு ஒப்பீடுகளில் 640 கிடைத்துவிடும். ஆக மொத்தம் ஒன்பது ஒப்பீடுகள் போதும்.

மாறிக்கொண்டேயிருக்கும் பட்டியல்

லாரி குபேரலிங்கத்தை அடைந்து தொட்டியை நிரப்பிவிட்டது. 180 இருந்த இடத்தில் இப்போது 1000. அடுத்து எங்கே? கோபுரங்களின் பட்டியலில் புதியது சேர்ந்தபோது ஓர் ஒப்பீடு போதுமானதாக இருந்தது. இங்கே நிகழ்ந்திருப்பது அதற்கு நேர்மாறானது: சிறுமமே பட்டியலை விட்டு நீங்கிவிட்டது. அதற்கு அடுத்தது எது என்னும் செய்தி கைவசம் இல்லை. மீண்டும் முதலிலிருந்து வலம் வர வேண்டும். எட்டுத் தொட்டிகளுக்கு அது பொருட்டன்று. பத்து இலட்சம் உறுப்புகள் உள்ள பட்டியலில், ஒவ்வொரு முறையும் 9,99,999 ஒப்பீடுகள் செய்வது எப்படிப் பொருந்தும்?

எல்லாவற்றையும் முன்னரே ஏறுவரிசையில் அடுக்கி வைக்கலாமே எனத் தோன்றும். ஒருவரை அழைப்பதற்காக ஊராரையெல்லாம் வரிசையில் நிற்க வைப்பது போன்றது அது. தேவைக்கு மேற்பட்ட ஒழுங்கு. அதற்குரிய உழைப்பும் மிகுதி. குறைந்த ஒழுங்கில் நிறைந்த பயன் தரும் அமைப்பு ஒன்றை 1964ஆம் ஆண்டு வில்லியம்சு என்னும் அறிஞர் வெளியிட்டார். அது ‘குவியல்’ எனப்படுகிறது.

குவியலைக் குடும்ப வழிமுறை மரம் போலக் கருதலாம். ஒவ்வொரு பெற்றோர்க்கும் இரண்டு பிள்ளைகள் வரை உண்டு. விதி ஒன்றே: பெற்றோரின் மதிப்பு பிள்ளைகளின் மதிப்பைவிடப் பெரியதாக இருத்தல் கூடாது. உடன்பிறந்தோருக்குள் எந்த ஒழுங்கும் வேண்டியதில்லை. நள்ளிரவு நேரத்து எட்டு எண்களையும் அவ்வாறு அமைத்தால், உச்சியில் 180. அதன் பிள்ளைகள் 290, 350. முதற்பிள்ளையாகிய 290இன் கீழ் மற்றொரு 290, 700. இரண்டாம் பிள்ளையாகிய 350இன் கீழ் 640, 530. கீழ்நிலையில் உள்ள 290இன் கீழ் 410 தனித்து நிற்கும். சிறுமம் எப்போதும் உச்சியில் காத்திருக்கிறது. அதைத் தேட வேண்டியதே இல்லை.

180 என்பது 1000 ஆனவுடன் உச்சியில் விதி மீறப்படுகிறது. அப்போது 1000, தன் பிள்ளைகளுள் சிறியதோடு இடம் மாறிக் கீழிறங்குகிறது. 290 உச்சிக்கு வருகிறது. மீண்டும் ஒருமுறை, பின்னும் ஒருமுறை என மூன்று படிகள் இறங்கி 1000 அடித்தளத்தை அடைகிறது. மரத்தின் ஒரு கிளை மட்டுமே அசைந்தது. 350இன் குடும்பம் அசையவேயில்லை. பத்து இலட்சம் உறுப்புகள் உள்ள குவியலிலும் இறங்க வேண்டிய படிகள் இருபதுக்குள் அடங்கும். படிக்கு இரண்டு ஒப்பீடுகள் எனக் கொண்டாலும் நாற்பதைத் தாண்டாது. கைப்பேசியின் வழிகாட்டிச் செயலி, செல்லக்கூடிய சாலைகளுள் குறுகியதை மீண்டும் மீண்டும் தெரிவு செய்து விரைவில் வழி சொல்வதற்கு இத்தகைய அமைப்புகள் துணைநிற்கின்றன.

இக்குவியலில் பெருமத்தைக் கேட்டால் அது உடனே விடை தராது. பெருமம் அடித்தளத்தில், பிள்ளைகளற்ற கணுக்களுள் ஏதோ ஒன்றில் இருக்கும் என்பது மட்டும் உறுதி. இரண்டும் வேண்டுவோர்க்கு ‘இருமத் தேடல் மரம்’ உதவும். அதில் ஒவ்வொரு கணுவுக்கும் இடப்புறம் சிறியவையும் வலப்புறம் பெரியவையும் நிற்கும். இடக்கிளையையே பற்றிக்கொண்டு இறங்கினால் சிறுமம். வலக்கிளையையே பற்றினால் பெருமம். உறுப்புகள் ஏற்கெனவே ஏறுவரிசையில் வந்து சேர்ந்தால் மரம் ஒரே பக்கமாக வளர்ந்து, கிளையற்ற பனைபோல் ஆகிவிடுவது இதன் குறை.

சமம் எனில் யாருக்கு?

குபேரலிங்கத்தின் தொட்டி நிரம்பியபின் மிகக் குறைந்த அளவு 290. அது நிருதிலிங்கத்திலும் உண்டு, ஈசான்யலிங்கத்திலும் உண்டு. அணியை வரிசையாகப் பார்க்கும் நிரலில் ‘சிறியதாயின் மாற்றுக’ என்று எழுதியிருந்தால், முதலில் கண்ட நிருதி நிலைத்துவிடும். ‘சிறியதாகவோ சமமாகவோ இருப்பின் மாற்றுக’ என்று எழுதியிருந்தால் ஈசான்யம் விடையாகும். ஒரு சமக்குறியின் வேறுபாடுதான்.

கணிதத்தில் இரண்டும் சரி. சிறுமம் 290 என்பதில் ஐயமில்லை. பாதையிலோ ஒரு லாரிதான் இருக்கிறது. ஒவ்வொரு முறை சமநிலை ஏற்படும்போதும் வரிசையில் முந்தி நிற்பதற்கே நீர் செல்லுமாயின், வரிசையின் இறுதியில் உள்ள ஈசான்யத்தில் நிற்போர் எப்போதும் காத்திருக்க நேரிடும். 14 கி.மீ. பாதையை ஏறத்தாழ முடித்துத் தளர்ந்து வருவோர் அவர்கள். இத்தகைய நிரல்கள் மருத்துவமனை வரிசையிலும், உதவித்தொகைத் தெரிவிலும், கல்லூரிச் சேர்க்கையிலும் பயன்படுகின்றன. அங்கெல்லாம் சமமான மதிப்பெண் உடையோருள் யாரை முற்படுத்துவது என்பதற்குப் பிறந்த நாள், குறிப்பிட்ட பாடத்தின் மதிப்பெண் எனத் தனி விதிகள் அறிவிக்கப்படுவதைக் காணலாம். விதி அறிவிக்கப்படாவிட்டாலும் ஏதோ ஒரு விதி செயல்படவே செய்யும். எழுதியவரே எண்ணிப் பார்க்காத விதியாக அது இருக்கும்.

மரம், மலை, மனம்

எது சிறியது என்பதே ஒப்பிடும் முறையைப் பொறுத்தது. தொட்டிகளின் அளவுகள் எண்களாக அல்லாமல் எழுத்துச் சரங்களாகச் சேமிக்கப்பட்டிருப்பின், பொறி அவற்றை அகராதிச் சொற்களைப் போல இடமிருந்து வலமாக, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். 1000 என்பதன் முதல் எழுத்து 1. 290இன் முதல் எழுத்து 2. ஒன்று இரண்டைவிடச் சிறியது. ஆகவே 1000 சிறியது எனப் பொறி முடிவு செய்யும். நிரம்பி வழியும் குபேரலிங்கத் தொட்டிக்கே லாரி திரும்பத் திரும்பச் செல்லும்.

சொற்களுக்கும் சிறுமம், பெருமம் உண்டு. பெயர்ப் பட்டியலில் முதலில் வருவது சிறுமம். இறுதியில் வருவது பெருமம். தமிழ் எழுத்துகளின் வரிசையோ நெடுங்காலமாக வரையறுக்கப்பட்டது. தொல்காப்பியம் தமிழின் முப்பது எழுத்துகளை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிக்கிறது. மெய்யெழுத்துகள் பதினெட்டனுள் ரகரம் பன்னிரண்டாவது, லகரம் பதின்மூன்றாவது, னகரம் பதினெட்டாவது. எனவே மரம், மலை, மனம் என்பதே இம்மூன்று சொற்களின் அகரவரிசை. சிறுமம் ‘மரம்’, பெருமம் ‘மனம்’.

இம்மூன்று சொற்களையும் ஒரு பட்டியலில் இட்டுச் சிறுமத்தைக் கேட்டால் பைத்தான் மொழி ‘மனம்’ என்று விடை தரும். தமிழ் எதைக் கடைசி என்கிறதோ அதைப் பொறி முதல் என்கிறது. காரணம், ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு; பொறி அவ்வெண்களையே ஒப்பிடுகிறது. னகரத்தின் எண் 2985. ரகரத்தின் எண் 2992. லகரத்தின் எண் 2994. இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட ‘இஸ்கி’ என்னும் குறியீட்டு அமைப்பைத் தழுவி ஒருங்குறியின் வரிசை அமைந்தது. தேவநாகரியின் ஒழுங்கை ஒட்டிய அவ்வமைப்பில் னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டன.

மெய்யெழுத்தின் புள்ளி மற்றொரு தடையாகிறது. தமிழ் அகராதியில் ‘அம்மா’ முந்தியும் ‘அமைதி’ பிந்தியும் வரும். மகர மெய்க்குப் பின்னரே அதன் உயிர்மெய்கள் வரிசைப்படும். ஒருங்குறியிலோ மெய்யின் புள்ளி தனிக் குறியாக நிற்கிறது. அதன் எண், ஐகாரக் குறியின் எண்ணைவிடப் பெரியது. ஆகவே பொறிக்கு ‘அமைதி’ முந்தியது. மாணவர் பெயர்ப்பட்டியல், நூலக அட்டவணை, வாக்காளர் பட்டியல் முதலியவற்றைத் தமிழில் வரிசைப்படுத்தும் நிரலர் இதை அறியாவிடில், பெயர்கள் தேடும் இடத்தில் கிடைக்காமல் போகும்.

தீர்வு எளியது. எழுத்துகளின் ஒருங்குறி எண்களைப் பாராமல், நெடுங்கணக்கில் அவை பெறும் இடத்தை ஓர் அட்டவணையாகப் பொறிக்குத் தர வேண்டும். மெய், உயிர்மெய் ஒவ்வொன்றையும் முழு எழுத்தாகக் கொண்டு அவ்வட்டவணையின்படி ஒப்பிடச் சொல்ல வேண்டும். முதல் உறுப்பில் தொடங்கி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் செல்லும் நெறிமுறையில் ஒரு வரியும் மாறுவதில்லை. ஒப்பீட்டு விதி மட்டுமே மாறுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினெட்டு என்னும் இடங்களைக் கண்டு, பொறியும் இப்போது ‘மரம்’ என்று விடை தருகிறது.